பேப்பர் வந்தால்தான் ரிட்டர்ன்: கணக்கு ஆபீஸ் தனியாக நடத்துகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று எங்கே தனியாக ஆபீஸ் போட்டாலும் முதல் வருடத்திலேயே ஒன்று புரிந்துவிடும். ஒரு நடுத்தரக் கடைக்கு மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட, பேப்பர் எல்லாம் மேசையில் இருந்தால், ஒன்றரை மணி நேரம் போதும். அந்தப் பேப்பரை மேசைக்குக் கொண்டுவருவதில்தான் மாதம் கரைகிறது. பெரிய ஆபீஸில் வேலை பழகும்போது இது தெரியாது. அங்கே சீனியர் பெயரைச் சொல்லி போன் பண்ணினால் பேப்பர் வந்துவிடும். தனியாக உட்கார்ந்த பிறகு நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "சார், நாளைக்கு பய்யன்கிட்ட குடுத்து விடுகேன்" என்ற பதில்தான் வரும். அந்த நாளை வராது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி ராத்திரிகளில் கொஞ்சம் தூங்கியிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு போகும் என்று ரூபாயில் பார்த்தால்தான் உறைக்கும். களியக்காவிளை பக்கம் ஒரு ஹார்டுவேர், பெயின்ட் கடை என்று வையுங்கள். வருட விற்பனை ஒன்றரைக் கோடிக்குள், மாதாந்திர ஃபைலிங். ஜனவரி மாத விற்பனையில் இரண்டு பில் புத்தகம் வரவில்லை. கடனுக்குப் போன சரக்குக்கான பில்கள் அவை, பணம் வந்த பிறகு தரலாம் என்று கடைக்காரர் வைத்திருக்கிறார். ஜனவரிக்கு வரி கட்டிப் போடும் 3பி ரிட்டர்ன் பிப்ரவரி 20-இல் போயிருக்க வேண்டும், போகவில்லை. முந்தைய மாத 3பி நிற்கும்போது அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-ஐ, அதாவது விற்பனை பில் பட்டியலை, போர்ட்டல் ஏற்காது. ஆகவே பிப்ரவரிக் கணக்கு கையில் தயாராக இருந்தாலும் அதுவும் நிற்கிறது. மார்ச் 20 தாண்டியதும் இரண்டு மாத ரிட்டர்ன் பாக்கி, அவர் பெயரில் வெளியே அனுப்பும் சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில் எடுக்க முடியாது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேல் சரக்கு போகும்போது அது இல்லாமல் வண்டி நகராது. நமக்குக் கேரள எல்லை கூப்பிடு தூரம் என்பதால் இந்த 50,000 கணக்கு அடிக்கடி வரும். அதுவரை போனை எடுக்காதவர் அன்றைக்கு நேரில் வந்து நிற்பார், வண்டியில் லோடு ஏற்றிவிட்டு.

ஏப்ரல் 20-இல் இரண்டு மாதத்தையும் போட்டால் கணக்கு இப்படி வரும். லேட் ஃபீ நாளுக்கு 50 ரூபாய், மத்திய பாகம் 25, மாநில பாகம் 25. ஜனவரிக்கு 59 நாள், 2,950 ஆக வேண்டும், ஆனால் ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை உள்ளவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு உச்சவரம்பு 2,000. பிப்ரவரிக்கு 31 நாள், 1,550. வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். ஜனவரி வரி 38,000 என்றால் 1,106, பிப்ரவரி வரி 41,000 என்றால் 627. மொத்தம் 5,283. கடைக்காரர் "இதுக்கா இந்த பாடு" என்பார். அவர் பார்க்காத நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அவரிடம் டைல்ஸும் பெயின்டும் வாங்கிய கான்ட்ராக்டருக்கு, 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போகாததால், 14-ஆம் தேதி போர்ட்டலில் வரும் அவருடைய கொள்முதல் பட்டியலான 2பி-யில் அந்த பில் வராது. கொள்முதலில் கொடுத்த வரிக்கான கிரெடிட் வரவில்லை என்று அவர் வரித்தொகையைப் பிடித்து வைப்பார், அடுத்த ஆர்டரை வேறு கடைக்குக் கொடுப்பார். பேப்பர் தராதவரை அசைக்க லேட் ஃபீயைச் சொல்லிப் பயனில்லை. "உங்க கான்ட்ராக்டருக்கு கிரெடிட் போகலை, அவரு நாளைக்கு உங்களக் கூப்பிடுவாரு" என்று சொல்லிப் பாருங்கள்.

இதே கடையில் எல்லைப்புறத்துக்கே உரிய இன்னொரு நஷ்டமும் ஒளிந்திருக்கும். திருவனந்தபுரம், பாறசாலை பக்கம் சொந்த வண்டியில் போய் சரக்கு எடுத்து வருகிற வழக்கம் இங்கே உண்டு. அங்குள்ள கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர் நம் ஆளின் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுவிட்டு, கவுண்டர் விற்பனை மாதிரி கேரள சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பில் அடித்துவிடுவார். வர வேண்டியது மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி. அந்த பில் 2பி-யில் வரும், ஆனால் கிரெடிட் கிடைக்காத பகுதியில் வரும், ஏனென்றால் கேரளத்து மாநில வரியைத் தமிழ்நாட்டில் எடுக்க முடியாது. 1,20,000 ரூபாய் சரக்குக்கு 18 சதவீதம் 21,600. பில் அதே வாரம் கையில் கிடைத்தால் ஒரு போனில் திருத்தி வாங்கிவிடலாம். கேரளக் கடைக்காரரின் அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் போயிருக்காது, அவரும் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். ஆறு மாதம் கழித்துப் போய் கிரெடிட் நோட்டும் புது பில்லும் கேட்டால், அவருடைய அக்கவுன்டன்ட் "இனி பற்றில்லா" (இனி முடியாது) என்று சொல்லி முடித்துவிடுவார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கொள்முதல் பில்லை மட்டும் மாத முடிவுக்குக் காத்திருக்காமல், வாங்கிய அன்றே அனுப்ப வைப்பது நல்லது. மற்ற பில் தாமதமானால் 50 ரூபாய் கணக்கு, இது தாமதமானால் முழு வரியும் போய்விடும்.

சரி, ஏன் தருவதில்லை? சோம்பேறித்தனம் என்று நினைத்துத்தான் நாம் கோபப்படுகிறோம். கோபப்பட்டுப் பேசினால் அடுத்த மாதம் போனையே எடுக்கமாட்டார். பல கணக்குகளைக் கவனித்தால் காரணம் மூன்று நான்குக்குள் அடங்குகிறது. ஒன்று, பேப்பர் முதலாளி கையில் இல்லவே இல்லை. பில் போடும் பெண்ணிடமோ, வீட்டில் அம்மாவிடமோ, லோடு இறக்கும் இடத்தில் ஒரு கவரிலோ கிடக்கிறது. முதலாளியிடம் எத்தனை முறை கேட்டாலும் அவர் இன்னொருவரிடம் கேட்க மறந்துவிடுவார். முதலாளி சம்மதத்தோடு அந்தப் பில் போடுகிறவரின் நம்பரை வாங்கி நேரடியாகக் கேளுங்கள், பாதி தாமதம் இதிலேயே தீரும். இரண்டாவது, எந்தப் பேப்பர் என்று அவருக்குப் புரியவில்லை. "ஜிஎஸ்டி டீடெயில்ஸ் அனுப்புங்க" என்றால் அவர் என்ன அனுப்புவார்? மூன்றாவதைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை: காட்டப் பிடிக்கவில்லை. இரண்டாவது பேங்க் கணக்கு இருக்கும், மச்சான் பெயரில் கைமாற்று இருக்கும், கந்து வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் ஆறு மாதமாக "மேனேஜர் லீவு" என்று சொல்கிற பார்ட்டியிடம் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சண்டை வேண்டாம். வருமானவரித் துறை கையில் இருக்கும் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ஐ இறக்கி எதிரே வைத்தால் போதும். சேவிங்ஸ் கணக்குகளில் ஒரு வருடத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டிருந்தால் அது அங்கே நிற்கும், கரன்ட் கணக்கென்றால் 50 லட்சம். "இது அவங்களுக்குத் தெரிஞ்சதுதான் அண்ணாச்சி, எனக்கும் தெரிஞ்சா பதில் எழுதலாம்" என்று தனியாக, கடைப் பையன்கள் இல்லாத நேரத்தில் சொன்னால் ஸ்டேட்மென்ட் அன்றைக்கே வந்துவிடும்.

கேட்கும் முறையைத் தலைகீழாக்கினால் நிறைய மிச்சம். கொள்முதல் பில் எல்லாம் கொடுங்கள் என்று கேட்கவே வேண்டாம். 14-ஆம் தேதி 2பி-யை நாமே இறக்கி, வரிசையாக அச்செடுத்து, "இந்த சரக்கெல்லாம் கடைக்கு வந்ததா, பில் கைவசம் இருக்கா, வராதது எது?" என்று டிக் போடச் சொல்ல வேண்டும். ஆள் படிக்கப் பிரியப்படாதவர் என்றால் சப்ளையர் பெயரையும் தொகையையும் வாட்ஸ்அப்பில் வாய்ஸாக அனுப்புங்கள், பதிலும் வாய்ஸில் வரும். கிரெடிட் எடுக்க பில் கையில் இருக்க வேண்டும், சரக்கு வந்திருக்க வேண்டும் என்பதால் டிக் இல்லாததை அந்த மாதம் எடுக்காமல் விடலாம். விட்டது தொலைந்துபோகாது, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை, அதற்குள் ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அதுவரை, எடுக்கலாம். ஆகவே 20-ஆம் தேதிக்கு உயிர்நாடி விற்பனைக் கணக்கு ஒன்றுதான். கொள்முதலுக்கும் விற்பனைக்கும் சேர்த்து ஒரே குரலில் அவசரம் காட்டினால் பார்ட்டி இரண்டையும் தராமல் விடுகிறார்.

இதில் விதிவிலக்கு முந்திரி. விவசாயிகளிடம் தோலோடு கூடிய பச்சை முந்திரிக்கொட்டை வாங்கும் ஃபேக்டரிக்காரர்களுக்கு ரிவர்ஸ் சார்ஜ் உண்டு, வரி 5 சதவீதம், வாங்குகிறவரே கட்ட வேண்டும். விவசாயி பில் தரமாட்டார், 2பி-யிலும் வராது. வாங்குகிறவரே தன் பெயரில் செல்ஃப் இன்வாய்ஸ் போட வேண்டும், சரக்கு வந்த 30 நாளுக்குள். துண்டுச் சீட்டில் எடையும் விலையும் குறித்து கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். அந்தக் கம்பியை அப்படியே வாரம் ஒரு முறை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதற்கு மேல் எதிர்பார்த்தால் கிடைக்காது.

போட்டோ என்றதும் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி, ஜிஎஸ்டி நம்பரில் 8-ம் பி-யும் ஒன்றுபோலத் தெரியும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லிக் கொடுங்கள், ஒரு முறை அவர் போனில் செய்து காட்டினால் பிடித்துக்கொள்வார். பெட்ரோல் பங்க், லாரி ஆபீஸ் பில்லெல்லாம் தெர்மல் காகிதம், டேஷ்போர்டு வெயிலில் இரண்டு மாதம் கிடந்தால் வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். பேங்க் ஸ்டேட்மென்டுக்கு எக்ஸெல் கேளுங்கள். பாஸ்புக் மட்டும் தருகிற கூட்டுறவு வங்கிக் கணக்கு என்றால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே மார்ச் 31 வரை என்ட்ரி போடச் சொல்லிவிடுங்கள். ரொம்ப நாள் விட்டால் பல வரவுகளைச் சேர்த்து ஒரே வரியாக அச்சாகிவிடும், பிறகு பிரித்துப் பார்க்க கிளைக்கு நடக்க வேண்டும்.

பேப்பர் வரவே இல்லை, 20-ஆம் தேதி வந்துவிட்டது என்றால் பலர் விற்பனையே இல்லை என்று நில் ரிட்டர்ன் போட்டுவிடலாம், அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வேண்டாம். போட்ட 3பி-யைத் திருத்த வழி இல்லை. ஜிஎஸ்டிஆர்-1ஏ இருக்கிறது, ஆனால் அது அதே மாத 3பி போடும் முன் ஜிஎஸ்டிஆர்-1-ஐச் சரிசெய்யத்தான். பேங்கில் பணம் வந்த மாதத்தில் நில் போட்டது பின்னால் நோட்டீஸில் வந்து நிற்கும், அப்போது கையெழுத்து யாருடையதாக இருந்தாலும் விரல் நம்மை நோக்கித்தான் நீளும். அதற்குப் பதில் செய்யக்கூடியது: சென்ற மாதங்களைப் பார்த்து உத்தேச வரியைக் கணக்கிட்டு, 20-க்குள் சலான் போட்டு போர்ட்டலில் உள்ள எலெக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரில் பணத்தைக் கட்டச் சொல்லுங்கள். 2024-இல் விதி மாற்றிய பிறகு, கெடு தேதிக்குள் கேஷ் லெட்ஜரில் வந்து, ரிட்டர்ன் போடும்வரை அங்கேயே கிடந்து, அதிலிருந்தே கழிக்கப்படும் தொகைக்குத் தாமத வட்டி கிடையாது. லேட் ஃபீ மட்டும் ஓடும். பேப்பர் தரத் தயங்குகிறவர்களில் பலர் பணம் கட்டத் தயங்குவதில்லை, இதை நம்புங்கள்.

நிரந்தரமாகவே மெதுவான பார்ட்டி, விற்பனை 5 கோடிக்குள் என்றால் காலாண்டுத் திட்டத்துக்கு மாற்றிவிடலாம். முதல் இரண்டு மாதமும் 25-ஆம் தேதிக்குள் போர்ட்டல் தானே போட்டுத் தரும் சலானைக் கட்டினால் போதும், முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35 சதவீதம், மாறிய முதல் காலாண்டில் மட்டும் அதற்கு முந்தைய மாதம் ரொக்கமாகக் கட்டியது முழுவதும். அதற்குப் பேப்பரே தேவையில்லை. காலாண்டு முடிந்து 13-இல் ஜிஎஸ்டிஆர்-1, நம் மாநிலத்துக்கு 22-இல் 3பி. ஏப்ரலில் தொடங்கும் காலாண்டுக்கு மாற பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை நேரம், பாக்கி ரிட்டர்ன் இருந்தால் மாற விடாது. கான்ட்ராக்டர்களுக்கு விற்கிறவர் என்றால் இடையில் உள்ள இரண்டு மாத பில்களை ஐஎஃப்எஃப் என்ற பில் ஏற்றும் வசதியில் 13-க்குள் ஏற்ற வேண்டியிருக்கும், ஆகவே அவருக்கு இதில் பெரிய நிம்மதி இல்லை. சில்லறைக் கடைகளுக்குத்தான் இது வரப்பிரசாதம்.

தேதி என்றால் சட்டத் தேதியைப் பார்ட்டியிடம் சொல்லவே கூடாது. 5-ஆம் தேதி விற்பனை, 15-ஆம் தேதி கொள்முதல் டிக், 17-இல் சலான். 20-ஆம் தேதி போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதற்கு எவரிடமும் சான்று கேட்க வேண்டியதில்லை. அதோடு நம் மாவட்டத்து நாட்காட்டி ஒன்று தனியாக உண்டு, சென்னையில் இருந்து வரும் கெடு அட்டவணையில் அது இருக்காது. மாசி மாதம் மண்டைக்காடு கொடை, அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் வருட முடிவு ஸ்டாக் லிஸ்ட் பற்றிப் பேச முடியாது. ஓணம் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வந்து செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்கு முன்னால் ஒரு வாரத்தைத் தின்னும். எல்லாவற்றிலும் கொடியது கோட்டாறு சவேரியார் திருவிழா. நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3-இல் முடியும், நடுவில் நவம்பர் 30, கிரெடிட்டுக்கான கடைசி நாள். நாகர்கோவில் பார்ட்டிகளுக்கு அந்தக் கெடுவை நவம்பர் 15 என்றே சொல்லி வையுங்கள். தாமத வருமானவரி ரிட்டர்னும், 2 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களின் ஆண்டு ரிட்டர்னும் டிசம்பர் 31. கிறிஸ்துமஸ் முடிந்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தால் குடும்பத்தோடு எங்காவது போயிருப்பார். படகு உரிமையாளர்களுக்கு மட்டும் நல்ல காலம் தெளிவாக இருக்கிறது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், ஆள் கரையில் இருப்பார். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. ஐஸ், டீசல் பில்லெல்லாம் அப்போது கேட்டுவிடுங்கள், தடை முடிந்து கடலுக்குப் போனவரிடம் கேட்டுப் பயனில்லை.

வளைகுடாவில் இருக்கிறவர்களின் கணக்கு தனி ரகம். நாகர்கோவிலில் வாடகை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கின் வட்டி, அதில் பிடித்த டிடிஎஸ் வரி திரும்ப வர வேண்டும், விஷயம் சின்னது. பேப்பரும் ஒன்றிரண்டுதான். ஆனால் ஓடிபி வருகிற இந்திய சிம் வீட்டில் அலமாரியில் இருக்கும், ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். வருமானவரி ரிட்டர்னைப் போட்டுவிட்டு 30 நாளுக்குள் சரிபார்க்கவில்லை என்றால், பிறகு சரிபார்க்கும் நாளையே ரிட்டர்ன் போட்ட நாளாக எடுத்துக்கொள்வார்கள். ஜூலையில் போட்ட ரிட்டர்னுக்கு 5,000 தாமதக் கட்டணம் விழுவது இப்படித்தான், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. ஆதார் ஓடிபி வராதவருக்கு நெட்பேங்கிங் வழி இருக்கிறது, டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கிறது, எதுவும் இல்லையென்றால் சரிபார்ப்புப் படிவமான ஐடிஆர்-வி-யை அச்செடுத்துக் கையெழுத்திட்டு வருமானவரித் துறையின் பெங்களூர் சிபிசி மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட். தபால் வரவும் நாளாகும் என்பதால் எந்த வழி என்பதை ரிட்டர்ன் போடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். லீவுக்கு ஊருக்கு வரும்போது முதல் நாளே பிடித்து, பாஸ்போர்ட் பக்கங்கள், விமான டிக்கெட் எல்லாம் வாங்கி, இந்தியாவில் இருந்த நாட்களைக் கணக்கிட்டு வைத்துவிடுங்கள். ஈ-கேட் வழியாகப் போனால் முத்திரை விழாது, டிக்கெட்தான் சாட்சி. நேரம் குறித்துப் பேசும்போது துபாய்க்கு ஒன்றரை மணி நேரமும் சவூதி, கத்தார், குவைத்துக்கு இரண்டரை மணி நேரமும் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் டூட்டியில் இருக்கும்போது ஓடிபி போய் காலாவதியாகும்.

இத்தனைக்கும் பிறகு லேட் ஃபீ விழுந்தால் "நான் அப்பவே தந்துட்டேனே சார்" என்று ஒரு வாக்கியம் வரும். அது நெஞ்சில் குத்தும், ஏனென்றால் பெரும்பாலும் அவர் அதை நம்பியே சொல்கிறார். இதற்கு ஒரே மருந்து ரசீது. பேப்பர் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி: "மார்ச்: விற்பனை புக் 3 வந்தது, 112-இல் இருந்து 150 வரை பில் இல்லை. பேங்க் ஸ்டேட்மென்ட் வரவில்லை." பில் நம்பரைக் குறிப்பிட்டுக் கேட்கும்போது தேடுவதும் எளிது. வருடத் தொடக்கத்தில் ஃபீஸ் பேசும்போதே, 15-க்குப் பின் வருகிற பேப்பருக்குத் தனிக் கட்டணம் என்று எழுதிக் கொடுங்கள், சொந்தக்காரரானாலும் சரி. ஊரும் உறவுமாக இருக்கும் இடத்தில் ஃபீஸ் பேசக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் ஒரு வருட ஃபீஸ் பாக்கி நிற்கிறது, அதோடு லேட் ஃபீயையும் நம் கையில் இருந்து கட்டி ஆளைத் தக்கவைக்கும் பழக்கமும் வருகிறது. ஒரு முறை கட்டினால் அடுத்த முறையும் அதை எதிர்பார்ப்பார்கள்.

விலக வேண்டிய பார்ட்டியும் உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து ரிட்டர்ன் போகாத மாதாந்திரக் கணக்கில் ரஜிஸ்ட்ரேஷனை ரத்து செய்ய நோட்டீஸ் வரும், அதற்குள் வெளியே வந்துவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது. போர்ட்டலில் நம் மொபைல் நம்பரையும் இமெயிலையும் போட்டு வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லையென்றால் அவருக்குப் போக வேண்டிய நோட்டீஸ் நமக்கு வந்து, நாம் சொல்லவில்லை என்ற பழி சேரும். புதிய பார்ட்டி என்றால் ஆரம்பத்திலேயே அவருடைய நம்பரும், அவர் பெயரில் தனியாகத் தொடங்கிய இமெயிலுமாகப் போட்டுவிடலாம். பில் புத்தகம், பாஸ்வேர்டு, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், போட்ட ரிட்டர்ன்களின் பிடிஎஃப், போடாத மாதங்களின் பட்டியல் எல்லாம் ஒரே கவரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி ஃபீஸுக்காகப் புத்தகத்தைப் பிடித்து வைக்க வேண்டாம். அடுத்து பார்க்கப் போகிறவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் நம்மைப்போல ஒருவர்தான், அவருக்கு ஒரு போன் செய்து, விற்பனை பில் யார் கையில் இருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம்.